பூட்டிய கதவில் போட்ட இன்ட்டு மார்க்

சில வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஐப்பசி மாதத்தில், ஜவ்வாது மலையில் நடந்தது இது. பொது சுகாதாரம் படித்து முடித்துவிட்டு அமிர்தி பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ இடங்களுக்கு மெயில் போட்டாயிற்று. பாதிப் பேர் பதிலே அனுப்பவில்லை, மீதிப் பேர் முன் அனுபவம் கேட்டார்கள். அனுபவத்துக்காகத்தானே அய்யா பயிற்சியே கேட்கிறேன்! கடைசியில் ஆலங்காயத்துப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் கூப்பிட்டது. சம்பளம் கிடையாது, நன்றாகச் செய்தால் வேலை உண்டு என்றார்கள். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

மலை ஊர்களில் அப்போது காய்ச்சல் பரவியிருந்தது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர் ஒருவரையும் விடாமல் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வேலை. பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு டிக். பூட்டியிருந்தால் இன்ட்டு மார்க், மறுபடி வந்து பார்ப்பதற்கு அடையாளமாக. முதலில் எங்கள் மேற்பார்வையாளர் மேடம் கூடவே வந்தார். ஒருநாள் மட்டும் மதியத்துக்கு மேல் என்னை ஒரு சின்ன ஊருக்குப் பிரியும் பாதையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொல்லி ஜீப்பில் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஊரில் ஆளே இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. சாமை அறுக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கடகடவென்று இன்ட்டு போட்டுக்கொண்டே போனேன். இவ்வளவு சீக்கிரம் ஒரு ஊரை முடித்துவிட்டோமே என்று உள்ளூர சந்தோஷம் வேறு.

கடைசிக் கதவிலும் போட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் ஊரே நிற்கிறது. காட்டுப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் வந்திருக்கிறார்கள். ஆண்கள் கையில் கொடுவாள். ஒரு பெண்மணி விறுவிறுவென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாரு உன்ன அனுப்புனது? இன்னாத்துக்கு எங்க வூட்டு மேல இன்ட்டு போட்ட?"

"காய்ச்சல் இருக்குதான்னு பாக்க வந்தேங்க அக்கா" என்றேன்.

"காய்ச்ச பாக்க வந்தவ ஊசி மருந்து எடுத்துனு வராம சாக்பீஸா எடுத்துனு வருவ?"

அந்த ஊர்க்காரர்கள் இன்ட்டு மார்க்கை வெட்டப் போகிற மரத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். காட்டோரத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தியும் அப்போது சுற்றிக்கொண்டிருந்ததாம். அதனால் ஜீப் சத்தம் கேட்டதுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய் நின்றவர்கள், நான் கதவு கதவாகக் குறி போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், போனில் சிக்னல் இல்லை, என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை என்பதுதான். கொடுவாள் விறகு வெட்டுவதற்கு என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எல்லாத்தையும் அழி" என்றார் ஒரு பெரியவர். துப்பட்டா முனையை நனைத்து ஒவ்வொரு கதவாக அழித்தேன். அந்தப் பெண்மணி என் இன்னொரு கையை விடவே இல்லை. கூட்டமும் கூடவே வந்தது. யாராவது இருமினால்கூடத் தூக்கிவாரிப்போட்டது.

ஒரு கதவில் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே முனகல் சத்தம். பிரமை என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டேன், மறுபடியும் வந்தது. "உள்ள யாரு அக்கா இருக்காங்க?" என்று கேட்டதும் அந்தப் பெண்மணியின் முகம் மாறிவிட்டது. என் கையை முதல்முறையாக விட்டுவிட்டு மடியில் சாவியைத் தேடினார்; என்னைவிட அவர்தான் பயந்துபோயிருந்தார்.

"எம் பொண்ணுதான். ஜொரம். எழுந்து நடக்க முடியல, அதான் உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. உடம்பு அனலாகக் கொதித்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இவள் உள்ளே கிடக்கும்போதுதான் ஆளில்லாத வீடு என்று குறி போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். அதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஈரத்துணியால் துடைக்கத் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். சொன்னேன். கொடுவாளோடு நின்றவர்களே மறுபேச்சில்லாமல் கம்பு வெட்டி, போர்வையைக் கட்டி டோலி தயார் செய்தார்கள். சாயங்காலம் நாங்கள் ரோட்டுக்கு வரவும் மேடத்தின் ஜீப் வரவும் சரியாக இருந்தது. இந்த முறை யாரும் ஓடவில்லை. வளைவுகளில் ஜீப் இறங்கிய நேரம் முழுக்க அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டாள். எனக்கும் பிறகு அந்த நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது.

இன்றைக்கும் முன்பின் தெரியாத ஊரில் பூட்டிய கதவுக்கு முன் நிற்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காதை வைத்துக் கேட்காமல், குரல் கொடுக்காமல் என்னால் நகர முடிவதில்லை. என்னைவிடப் பயந்த ஒருவர் அந்தப் பக்கம் இருக்கலாம்.