நானாவின் கணக்கில் ஒரு வீடு

பழைய கேம் பெட்டி நல்ல பெட்டி. யார் சீடித் தட்டைப் போட்டாலும் ஓடும். கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு தட்டு வந்தால், நோன்புக் கஞ்சி மாதிரி வீடு வீடாகப் போய்த்தான் திரும்பும். நானும், நானா என்று நான் கூப்பிடும் அண்ணனும் அப்படித்தான் விளையாடிப் பழகினோம். எங்களுக்குள் பத்து வயது வித்தியாசம். தோற்றால் மட்டும் இருவருக்கும் ஒரே வயது.

கட்டாருக்கு வேலைக்குப் போன நானா, ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் புதிய பெட்டியொன்றைக் கொடுத்தனுப்பினார். அதில் தட்டுப் போட வாயே இல்லை. கேம் எல்லாம் அவருடைய பெயரில் இருந்த கணக்கில் வாங்கியவை. நான் திறக்கப் போனால் அவருடைய போனுக்கு ஒரு கோட் இலக்கம் போகும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் கேட்கும். கற்பிட்டியில் கரண்ட் போவது புதினமா? காசு கொடுத்து வாங்கிய சாமானிடம் ஒவ்வொரு தடவையும் கெஞ்சி நிற்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானாவுக்கோ அது என்னோடு கதைக்க நல்ல சாட்டு.

“கோட் வந்திச்சா நானா?”

“முதல்ல ஸலாம் சொல்லு. பொறகுதான் கோட்.”

அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்துமாக அந்தப் பெட்டியில் நாங்கள் வீடு கட்டினோம். கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டும் விளையாட்டு அது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்களைத் துவக்கு முனையில் விரட்டியபோது நானா சின்னப் பிள்ளை. நான் புத்தளம் அகதி முகாமில் பிறந்தவள். யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தபோது எங்கள் வீடிருந்த இடத்தில் பற்றைக்காடுதான் நின்றது. அந்த வீட்டை நானா நினைவிலிருந்து கட்டினார். கிணற்றடி, முன்வாசல் வேம்பு, மௌத்தான வாப்பா தொழுகிற மூலை. உம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஜன்னல் அந்தப் பக்கம் இல்ல மகன்” என்று போனில் திருத்துவார். நான் பிறக்காத வீட்டுக்குள் நான் நடந்து திரிந்தேன்.

நானா அங்கேயே மாரடைப்பில் மௌத்தானார். அங்கேயே அடக்கினார்கள். அவருடைய முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து உம்மா கேட்டது ஒன்றுதான். “மகன் கட்டின வீட்ட ஒருக்காக் காட்டு மகள்.”

பெட்டி கோட் கேட்டது.

கம்பனிக்கு எழுதினேன். மரணச் சான்றிதழையும் அனுப்பினேன். கணக்கு ஒருவருக்கு மட்டுமே உரியது, அவர் இறந்தாலும் கைமாற்ற முடியாது, விரும்பினால் புதிதாக ஒன்றைத் தொடங்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதன்பிறகு எழுதியதெல்லாம் கல்லில் நார் உரித்த கதை. காசு வாங்கும்போது அது நானாவின் வீடு, அவர் போனதும் அவர்களுடைய வீடு. ஆட்களை விரட்டத் துவக்குத்தான் வேண்டுமென்றில்லை.

கடைசியில் நானாவின் போன் இலக்கத்துக்கே அழைத்தேன். அது இப்போது வேறொருவரிடம் இருந்தது. மலையாள வாடையடிக்கும் தமிழில் பேசினார். பழக்கதோஷம், ஸலாம் சொன்னேன். அவரும் ஆறுதலாகப் பதில் ஸலாம் சொன்னார். அழாமல் எல்லாவற்றையும் விளக்கி, இப்போது வந்திருக்கும் கோட் இலக்கத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டேன்.

“வந்திட்டுண்டு. ஆனா கோட் ஆருக்கும் சொல்லக் கூடாது சகோதரி. பேங்கில சொல்லியிருக்கு.”

என்னைக் கள்ளி என்று நினைத்திருப்பார். அவரில் பிழையில்லை. பிறகு எத்தனை தரம் அழைத்தும் எடுக்கவில்லை.

உம்மா டீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

“என்ன மகள், நானாட போன்ல என்ன சொன்னாங்க?”

“ஸலாமுக்குப் பதில் சொன்னாங்க உம்மா” என்றேன்.