பானையில் மிஞ்சும் பங்கு

மகபூப்பாளையத்தில் சுஃபியாவை "அரிசி பாத்து வாக்கப்பட்டவ" என்று கேலி பேசுவார்கள். பெண் பார்க்க அவள் ஊரான பரவைக்கு வந்த அசீம், அவள் ஆக்கியிருந்த பிரியாணியைத் தின்று முடித்துவிட்டு, "இது சீரகச் சம்பாவா, பாசுமதியா?" என்று மட்டும் கேட்டான். "தட்டைக் காலி பண்ணுன பெறகும் தெரியலையாக்கும்" என்று அடுப்படிக்குள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரலுக்காகவே அவன் தலையாட்டிவிட்டுப் போனான் என்பார்கள்.

அசீம் லாரி ஓட்டினான். ஏற்றுவது பெரும்பாலும் அரிசி. எந்த ஊர் ஆலைக்குப் போனாலும் திரும்பும்போது ஒரு மஞ்சள் பையில் அந்த ஊர் அரிசி கொஞ்சம் வந்துவிடும். பத்தாம் வகுப்போடு நின்றுபோன சுஃபியாவுக்கு அந்தப் பைகள்தான் மேல்படிப்பு. தினச் சோற்றுக்குப் பழைய பொன்னி, வடித்தால் ஒட்டாது. இட்லிக்குக் குண்டரிசி. நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி நொய். நெய்ச்சோற்றுக்குச் சீரகச் சம்பா, தண்ணீரைக் கை இறுக்கித்தான் ஊற்ற வேண்டும். பாசுமதியை ஊறப்போடாமல் உலையில் இட்டால் நுனி வெந்து நடு வேகாது. அசீம் எதையும் தின்பான், கேரளத்து மட்டை அரிசி ஒன்றைத் தவிர. அதைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

போன மழைக்காலத்தில், குமுளிக்கு ஏறும் மலைப்பாதைக்குக் கீழே அவன் லாரி நின்றுகொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. லோடில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. ஆளை மட்டும் காணவில்லை. போலீஸ் காட்டிலும் வாய்க்காலிலும் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது.

வீட்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள். சுஃபியா, மாமியார் பாத்துமுத்து, கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் கொழுந்தன் ரோஷன். சில மாதம் கழிந்ததும் பாத்துமுத்து மெதுவாகப் பேச்செடுத்தாள். "பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஒரு பாத்திஹா ஓதிருவோமா?"

"உசுரோட இருக்கறவருக்கா மாமி ஓதச் சொல்றீக?"

அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

சோறு மிஞ்ச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மூன்று பேருக்கு அளந்து போடுகிறாள், மூன்று பேரும் வயிறாரத் தின்கிறார்கள், பானைக்குள் இன்னொரு ஆளுக்குச் சோறு கிடக்கிறது. முதலில் கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் கிடந்தது.

"மூணு பேருக்கு ஒலை வைக்க மறந்துபோச்சா ஒனக்கு?" என்றாள் பாத்துமுத்து.

அரிசியின் வேலையாக இருக்கும் என்று சுஃபியா கீழமாசி வீதி அரிசிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நூருல் அமீன் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

"இது நல்லாக் காஞ்ச பழைய பொன்னி தங்கச்சி. பழசு நெறையச் சோறு காணத்தான் செய்யும்."

"அப்ப சோறு காணாத அரிசியாக் குடுங்கண்ணே."

அவர் சிரித்துவிட்டார். "எம்புட்டுச் சோறு காணும்னு கேட்டுத்தான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாக. காணாததைக் கேட்டு வந்த மொத ஆளு நீதான். புது அறுவடை கெடக்கு, கொண்டுபோ. கொழஞ்சுபோச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

புது அரிசி அவர் சொன்னபடியே குழைந்தது. குழைந்து, அமுங்கி, மூன்று பேர் தின்றபிறகும் ஒரு ஆளுக்கு மிஞ்சியது. அன்றுதான் அவள் குனிந்து சரியாகப் பார்த்தாள். மிஞ்சிய சோறு பானையின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதன் நடுவில் ஒரு குழி. அசீம் குழம்பு ஊற்றுவதற்கு முன் நாலு விரலால் அழுத்தி ஒரு குழி பறிப்பான், அதே போல. பானை ஆறிப்போயிருந்தது. குழிக்குள் விரல் வைத்தாள். சுட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. பொன்னியை நிறுத்திவிட்டுச் சீரகச் சம்பா போட்டாள். மிஞ்சியது. பாசுமதி நீளநீளமாகப் பூத்து வந்தது, மிஞ்சியது. பச்சரிசியிலும் அந்தக் குழி இருந்தது. பிறகு அவள் அரிசியை மாற்றுவதை விட்டுவிட்டாள். பயம் போய் வேறொன்று வந்திருந்தது. பசிக்கிற ஆளுக்குத்தானே பங்கு விழும்? எங்கோ அவனுக்குப் பசிக்கிறது, அப்படியானால் அவன் இருக்கிறான். தினமும் மத்தியானம் மூடியைத் திறந்து அந்தக் குழியைப் பார்த்துவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது ஓடிவிடும். ஒரு நாள் ரோஷன் இன்னொரு கரண்டி கேட்டபோது, "தீந்துபோச்சுப்பா" என்று மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, பானைக்குக் காவலா?" என்றான் அவன்.

பாத்துமுத்து சிரிக்கவில்லை. அவன் போனதும் எழுந்து வந்து மருமகளின் கையை விலக்கிவிட்டு மூடியைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெற்றவளுக்கு அந்தக் குழி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் மாமி. அவுகளுக்குப் பசிக்குது. இருக்காகன்னு தெரியுதுல்ல."

பாத்துமுத்து அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கறவன் இருக்கற எடத்துல தின்பான் தாயி. டீக்கடையில பன்னு தின்பான், எவன் வீட்டுலயாச்சும் கஞ்சி குடிப்பான். வீட்டுப் பானையைத் தேடி வர்றவனுக்கு வேற எங்கயும் சோறு இல்லைன்னு அர்த்தம்."

"இது அவுகதானான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? என் கைக்கோளாறா இருந்தா?"

"இருந்தா நல்லதுதான்" என்றாள் பாத்துமுத்து.

அன்று இரவு சுஃபியா, கைக்கோளாறாகவே இருக்கட்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். விடிந்ததும் நூருல் அமீன் கடையில் போய் நின்றாள்.

"மட்டை அரிசி இருக்காண்ணே?"

"இருக்கு. அசீமுக்கு ஆகாதே அது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிறுத்துக் கொடுத்தார்.

சிவப்புக் கோடு போட்ட தடித்த அரிசி. ஊறப்போட்டு, நிறையத் தண்ணீர் வைத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டாள். மூன்று பேருக்கு எப்போதும் போடும் அதே அளவு. ஒரு பிடிகூடக் குறைக்கவில்லை. மண்வாடையும் கஞ்சிவாடையுமாக வீடு முழுக்க வேறொரு வீட்டின் மணம் அடித்தது. மூன்று தட்டில் பரிமாறினாள். மூன்று பேரும் தின்றார்கள். ரோஷன்கூட மறுசோறு வாங்கவில்லை. அவள் எழுந்து போய்ப் பானையைத் திறந்தாள்.

அடியில் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. பானை முழுக்கச் சில்லிட்டிருந்தது, அடுப்பிலேயே ஏறாதது போல.

கைக்கோளாறு அரிசி பார்த்து வராது. வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசற்படிப் பக்கம் பார்த்தாள். வெயிலில் திரைச்சீலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"மாமி" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு ஹஜ்ரத்தை வரச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சீரகச் சம்பாவை எடுத்துக் களைந்தாள். பாத்துமுத்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு அளந்தபின் சுஃபியாவின் கை நின்றது. பிறகு, லாரி கிளம்பிப் போன நாளுக்குப் பின் முதல்முறையாக, நாலாவது ஆளுக்கும் அளந்து போட்டாள்.

ஹஜ்ரத் நெய்ச்சோற்றை முன்னால் வைத்து ஓதினார். அசீமின் பெயரைச் சொல்லி துஆ கேட்டார். மூன்று பேரும் ஆமீன் சொன்னார்கள். அவருக்கு அவசர வேலை, தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சுஃபியா மாமியாருக்குப் பரிமாறினாள், ரோஷனுக்குப் பரிமாறினாள், தனக்கும் வைத்துக்கொண்டாள். நாலாவது தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கரண்டியைப் பானைக்குள் விட்டாள். கரண்டி அடியில் போய் இடித்தது.

ரோஷன் நிமிர்ந்து பார்த்தான். பாத்துமுத்து அந்த வெறுந்தட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"உக்காரு தாயி" என்றாள். "அவன் தின்னுட்டான். நீ தின்னு."