டாக்டருக்கு முன்னால் பஞ்சாங்கம்

ஆபரேஷன் தேவையா என்று எந்த டாக்டரையும் கேட்காமலே, அதற்கு நல்ல நாள் பார்த்து வைத்த புத்திசாலி நான். நான்கு வயது மகனுக்கு ஆணுறுப்பின் முன்தோல் பின்னால் நகரவில்லை. இணையத்தில் கண்டதையெல்லாம் படித்துக் கலங்கி, வெட்டி எடுப்பதுதான் வழி என்று முடிவுகட்டினேன். அஷ்டமி, நவமி தவிர்த்து, கோடை விடுமுறையில் ஒரு புதன்கிழமையும் குறித்துவிட்டேன்.

அதன்பிறகுதான் பம்மலில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பையனைப் பரிசோதித்துவிட்டுக் கேட்டார்:

“ஒண்ணுக்குப் போறப்ப அழறானா? வீக்கம், சீழ், காய்ச்சல்?”

“எதுவும் இல்லைங்க டாக்டர்.”

“அப்புறம் எதுக்கு சார் கத்தி? இந்த வயசுல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். வளர வளர தானா விலகும். நீங்க இழுத்து மட்டும் பாக்காதீங்க, புண்ணாயிடும். அடிக்கடி இன்ஃபெக்ஷன் வந்தாலோ, தோல் வெள்ளையா இறுகினாலோ, யூரின் போகக் கஷ்டப்பட்டாலோ வாங்க, யோசிக்கலாம்.”

“புதன்கிழமை நாள் நல்லா இருக்குன்னு...” என்று இழுத்தேன்.

“அன்னிக்கு பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

இப்போதெல்லாம் முதலில் டாக்டரைக் கேட்கிறேன். பிறகுதான் இணையம், பஞ்சாங்கம் எல்லாம்.

அன்று ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மனைவி சொன்னாள்: “இதையேதான் நானும் சொன்னேன். ‘நீ என்ன டாக்டரா’ன்னு கேட்டீங்க. நீங்க யாருன்னு திருப்பிக் கேக்காம விட்டது என் தப்பு.”