சிவப்புப் பென்சில் திருத்தம்

1979 ஜூன் 14, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயடியில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். ஆறே முக்காலுக்கு அப்பா சைக்கிளில் சுரங்கத்துக்குக் கிளம்பினார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு லோடு எழுதுவது அவர் வேலை. எட்டு மணிக்கு அத்தை பழைய சோறும் மோர்மிளகாயும் வைத்தாள். எட்டரைக்குப் பள்ளிக்கூடம். அரியலூரில் அன்று காற்று மட்டும் அடித்தது, மழை இல்லை.

இவ்வளவும் என் முதல் டைரியில் இருக்கிறது. சுரங்க ஆபீசில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி அது. பாதி வருஷம் ஓடிய பிறகு என் கைக்கு வந்தது. அம்மா இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன், தண்ணீர்க் குடங்களுக்கு அடுத்த வரியில். எனக்கு அப்போது பத்து வயது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின்னைப் பிரித்து எடுப்பாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் சிவப்புப் பென்சிலால் எண் போடுவாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மேலே பழைய காலண்டர் அட்டையை வைத்தால் புத்தகம் தயார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் நாவல் படித்தது அப்படித்தான். அவள் கடைசியாகத் தைத்தது, தாயை இழக்கும் ஒரு சிறுமியின் கதை. இருபத்து நான்கு அத்தியாயம்.

எங்களைப் பார்த்துக்கொள்ளக் கீழப்பழுவூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரு அத்தியாயம் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். கதை கேட்கும் ஆசை பாதி. மீதிப் பாதி வேறு. அம்மா போனதிலிருந்து நான் அழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் அத்தை சொல்வது என் காதில் விழும்.

“கல்லு மாதிரி கெடக்கு. ஒரு சொட்டு தண்ணி வரலை. உள்ளுக்குள்ள கட்டிக்கப் போவுதுங்க.”

கதைச் சிறுமியோ தாராளமாக அழுதாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் மட்டும் பதினோரு தடவை; நான் எண்ணினேன். அம்மாவின் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மல்லிகைச் செடியைப் பார்த்து அழுதாள். ராத்திரியில் நட்சத்திரங்களிடம் விசாரித்தாள். அந்த மூன்று வாரத்தில் நான் செய்தது ஆறு நோட்டுகளுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டதுதான். மூலை மடிப்பு அம்மா போடுவதுபோல் நிற்கவில்லை. பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தேன். கதைச் சிறுமிக்கு இருந்த அளவு பாசம் எனக்கு இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

புதன்கிழமை வாசித்தபோது அத்தை குறுக்கிட்டாள்.

“இருடி. நேத்து காய்ச்சலாப் படுத்திருந்தா. இன்னைக்குப் பதினாறாம் நாள் சோறு போடுறாங்க. நடுவுல எப்படி செத்தா?”

“பதினேழு இல்ல அத்தை. கிழிச்சிருக்கு.”

தையலில் ஒரு விரல்கடை அகலத்துக்குக் கிழிந்த ஓரம் மட்டும் நின்றது.

“எலி கடிச்சிருக்கும். இல்ல, உங்கப்பன் அடுப்பு பத்த வச்சிருப்பான்,” என்ற அத்தை சற்று யோசித்தாள். “சாவப் பாக்காம நான் எப்படி நம்புறது?”

அவள் கதையைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மே மாதம் ஒருநாள் பச்சைப் பாவாடை ஒன்று தைத்து எனக்குப் போட்டுவிட்டு, ஜெயங்கொண்டத்தில் இருந்த பெரியம்மாவோடு பஸ் ஏற்றிவிட்டாள். முந்திரிப்பழம் தின்னலாம் என்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். “பத்து நாள் இருந்துட்டு வா. நானே வந்து கூட்டிக்கிறேன்,” என்றாள். பஸ் நகர்வதற்குள், வெயிலாக இருக்கிறது என்று திரும்பி நடந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தார்கள். சேதி ஜெயங்கொண்டத்துக்கு வந்து, பஸ் பிடித்து நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசல் கழுவி விட்டிருந்தது.

வியாழன் சாயங்காலம் நாலே முக்காலுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை ஒயர் கூடையை ஆணியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த கூடை. அப்பா மாட்டிய இடத்திலேயே இருந்தது, யாரும் தொடவில்லை. அன்று எறும்பு ஏறிவிட்டது. உள்ளே பாதி தீர்ந்த ரொட்டிப் பாக்கெட், செம்பு, சீப்பு, ஒரு புடவை. புடவை மடிப்புக்குள் நாலாக மடித்த காகிதம். பிரித்தேன். தலையில் சிவப்பில் 17.

“கெடைச்சிடுச்சா? படி, படி,” என்று அத்தை சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

வாசித்தேன். தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று கதையில் வரும் தாய்க்குத் தெரிகிறது. மகள் அதைப் பார்க்கக்கூடாது என்று புதுப் பாவாடை உடுத்திவிட்டு உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறாள். அடுத்த வரியில் நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்ட?”

‘நீ போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வா, கண்ணே. நானே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்’ என்று அச்சிட்டிருந்தது. ‘கண்ணே’ என்பதைச் சிவப்புப் பென்சில் அடித்திருந்தது. ‘ஒரு வாரம்’ என்பதையும் அடித்து, ஓரத்தில் அம்மாவின் எழுத்தில் ‘பத்து நாள்’ என்று எழுதியிருந்தது.

“அத்தை, இது அம்மா சொன்னது.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மா. பஸ் ஸ்டாண்டுல. என்கிட்ட.”

அத்தை காகிதத்தை வாங்கினாள். எழுத்துத் தெரியாத அவள் சிவப்பு இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

“இது அவ எழுத்தா?”

“ஆமா.”

எறும்புகள் அவள் கணுக்காலில் ஏறின. தட்டிவிடவில்லை. “அடிப்பாவி,” என்றாள், மெதுவாக, கூடையைப் பார்த்து. பிறகு என்னிடம், “உங்கப்பன் கண்ணுல இதக் காட்டாத புள்ள. தாங்கமாட்டான்,” என்றாள்.

அந்த இருபத்து மூன்று நாளும் எனக்கென்று அம்மா விட்டுப்போனதாக நான் வைத்திருந்தது அந்த ஒரு பேச்சுதான். அது அச்சில் இருந்தது. பத்திரிகை வாங்கிய எல்லோர் வீட்டிலும் இருந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் காப்பியடிப்பதைவிடக் கேவலமான குற்றம் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் ஒருத்தி பசுவைப் பற்றிய கட்டுரையை அப்படியே எடுத்து, பசு என்ற இடத்திலெல்லாம் எருமை என்று மாற்றி எழுதினாள். எருமையை மக்கள் தெய்வமாக வணங்குகிறார்கள் என்று டீச்சர் உரக்க வாசித்து, அவளை பெஞ்சுமேல் நிற்க வைத்தார். நாங்கள் அரைநாள் சிரித்தோம். ஒரு சொல்லை அடித்து, ஒரு சொல்லை மாற்றி, சொந்தமாகச் சொன்னதுபோல் சொல்வது. அம்மா செய்ததும் அதுதானே? அப்பா தாங்கமாட்டார் என்று அத்தை சொன்னது அந்த அவமானத்தைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. கூடை இல்லாத ஆணியைப் பார்த்தார். “எறும்பு, தம்பி,” என்றாள் அத்தை. அவர் கைகால் கழுவப் போனார். காகிதம் என் பூகோள நோட்டின் அட்டைக்குள் இருந்தது.

அம்மா என்னை ஒருநாளும் ‘கண்ணே’ என்று கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டிருந்தால் நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன். ஒரு வாரம் போதாது என்று அவள் எந்தக் கணக்கில் திருத்தினாள், அந்த வரியை எத்தனை தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தாள், ஏன் அதை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனாள் என்பதெல்லாம் அவள் வயதை நான் தாண்டிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, அம்மாவை யாரும் பிடித்துவிடக்கூடாது என்பது மட்டும்.

ஜூன் 15, வெள்ளி. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கப் போகுமுன் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, அந்த இரண்டு கோடுகளையும் ‘பத்து நாள்’ என்பதையும் அழித்தேன். சிவப்பு லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். காகிதம் மெலிந்து, இளஞ்சிவப்பாக ஒரு கறை மட்டும் நின்றது. தூளை ஊதிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.