இடிக்குக் கழற்றிய பிளக்

என் நாட்குறிப்பில் அந்த நவம்பர் சனிக்கிழமைக்கு எதிரே, "பிற்பகல் லைன் கோளாறு. சான்றிதழ் ஒன்று தாமதம்" என்று இருக்கிறது. முதல் பாதி பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

பதுளையில் எங்கள் கோயில் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் ஞானஸ்நானப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். கோப்புகள் எல்லாம் முற்றத்துக்கு அப்பால், ஃபாதரின் பங்களாவில் உள்ள ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. கேபிள் வழியாக என் கணினி அவற்றைத் தன்னுடையவை போல எடுத்துப் படிக்கும்.

அன்று தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அம்மா அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மொனராகலை. மகளின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்தால்தான் அங்குள்ள ஃபாதர் மறுநாள் பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் தடவை வாசிப்பார். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து, கல்யாணம் வைக்காத திருவருகைக்காலம் தொடங்குமுன் தாலி கட்டிவிட வேண்டும். டிசம்பரில் மாப்பிள்ளை கட்டாருக்குப் போகிறார்.

மூலப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருந்தது. கணினியில் பெயரைத் தேடி அச்சிடக் கொடுத்தேன். திரை உறைந்தது. நிரலை நிறுத்தக் கட்டளை கொடுத்தேன், கேட்கவில்லை. இன்னொரு முறை திறந்து அச்சிடக் கொடுத்தேன். அதுவும் நின்றது. கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போட்ட கட்டளையும் திரும்பவில்லை.

இப்படி நிற்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன். தொலைவிலுள்ள கோப்புக்காகக் காத்திருக்கும் நிரல் கொல்லச் சொன்னாலும் சாகாது; பெட்டி திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். ஆகவே முதலில் பெட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். முற்றத்தைத் தாண்டினால் போதும். மழை பெய்துகொண்டிருந்தது. நான் போகவில்லை, மறுபடி மறுபடி அச்சிடக் கொடுத்தேன்.

"லைன்ல கோளாறும்மா. டெலிகொம்காரங்க வந்துதான் பார்க்கணும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் குரலில்.

பெட்டிக்கும் டெலிகொம்முக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் வெகுநேரம் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். மழை விட்டதும் எழுந்தார்.

"பரவாயில்லைங்க சார். லைனு போனா நீங்க என்ன பண்ணுவீங்க. பிள்ளைக்கு யோகம் இல்லன்னு நெனச்சுக்கிறோம்."

அவர் போன பிறகு பங்களாவின் சமையல்காரர் பிளேன்டீ கொண்டுவந்தார்.

"சார், இடி நின்னுருச்சு. பிளக்கைப் போடலாமா?"

"எந்தப் பிளக்கு?"

"அந்தக் கறுப்புப் பெட்டியோடதுதான். இடி இடிச்சா எல்லாத்தையும் கழட்டணும்னு நீங்கதானே சுவத்துல எழுதி ஒட்டினீங்க."

ஐப்பசி இடிக்கு ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். என் கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அவர் போய்ப் பிளக்கைச் சொருகினார். சற்று நேரத்தில் உறைந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக உயிர்பெற்றது. பிரின்டர் ஒரே சான்றிதழைத் திரும்பத் திரும்பத் துப்பியது. ஓடிவந்த சமையல்காரர் தாள்களை எண்ணினார்.

"ஒரு பொண்ணுக்கு ஆறு தரமா சார் ஞானஸ்நானம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றில் ஃபாதரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். தெமோதரை பஸ் போய்விட்டது. அந்த அம்மாவின் போன் நம்பரை நான் கேட்டு வைக்கவில்லை. உறையின் மேல் மொனராகலைக் கோயிலின் பெயரை எழுதி, புறப்படவிருந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன். "குடுத்துர்றேன் மாத்தயா" என்றார்.

மறுநாள் அந்த ஓலை வாசிக்கப்பட்டதா என்று இதுவரை நான் உறுதிப்படுத்தவில்லை. அங்குள்ள ஃபாதரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏன் தாமதமானது என்று அவர் திருப்பிக் கேட்பார்.