சித்தி களவாண்ட ரோஜா

என் சித்தி ஒரு கள்ளி. முள்செடியைச் சொல்லவில்லை, திருடியைத்தான் சொல்கிறேன். தக்கலையில் அவள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனால் கால் வைக்க இடமிருக்காது. பெயிண்ட் வாளியில் வழுதலங்காய் என்று நாங்கள் சொல்லும் கத்தரி, உடைந்த வாஷ்பேசினில் புதினா, கைப்பிடிச் சுவர் நெடுக பிச்சியும் செம்பருத்தியும், நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பன்னீர் ரோஜா. வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு எந்த நர்சரியில் வாங்கியது என்று கேட்பார்கள். சித்தி கூசாமல், "நர்சரியா? பாதியும் களவாண்டதாக்கும்" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரிப்பார்கள். விளையாட்டில்லை. அந்தக் களவுகளுக்குக் காவல் நின்றவளே நான்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நாகர்கோவிலில், வடசேரி பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் தெரு. அம்மாவின் தங்கையான சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிள்ளை தங்கவில்லை. கத்தாரில் இருந்த சித்தப்பா ஓடி வந்தார், லீவு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதன்பிறகு சித்தி உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவாள், கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு அம்மா பக்கத்தில் நின்று கெஞ்சுவாள். நான் சொல்லும் மொக்கைக் கதைக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சித்தி அவள். அந்தச் சித்தி எனக்குத் திரும்ப வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

அம்மா ஒரு தந்திரம் செய்தாள். பால் வாங்கப் போகிற வழியில் கடிநாய் ஒன்று திரிகிறது, பிள்ளையைத் தனியே விடப் பயமாக இருக்கிறது என்று சித்தி காதில் விழும்படி புலம்பினாள். "நீ ஒண்ணு கூடப் போயிட்டு வாட்டீ" என்று கடைசியில் கையைப் பிடித்தே கேட்டாள். அந்த நாய்க்குப் பாதிப் பல் கிடையாது, என்னைக் கண்டால் வாலை ஆட்டும். ஆனாலும் நான் பயந்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். சித்தி எழுந்து வந்தாள்.

சில நாள் ஒன்றும் பேசாமல் வந்தாள், போனாள். ஒருநாள் திரும்பும்போது, ஒரு வீட்டு மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடுக்குச் செம்பருத்தியின் முன்னால் நின்றுவிட்டாள். நின்றவள் சட்டென்று ஒரு கம்பை ஒடித்துச் சேலைத் தலைப்பில் மறைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சித்தி, கேட்டுட்டு எடுக்காண்டாமா?"

"கேட்டு வாங்குனா பிடிக்காதுட்டீ. களவாண்டு நட்டாத்தான் பிடிக்கும்."

எங்கள் பக்கத்தில் இது பலருக்கும் உள்ள நம்பிக்கை. மனமுவந்து கொடுத்த கம்பு பட்டுப்போகும், சொல்லாமல் எடுத்துவந்த கம்பு தழைக்கும். கோயிலில் யாரோ மறந்துவைத்த குடையை வீடு தேடிப் போய்க் கொடுக்கிற மரியாதைப்பட்ட ஜனங்கள், செடி விஷயத்தில் மட்டும் பக்காத் திருடர்கள். எனக்கு அந்த நியாயம் புரியவில்லை. ஆனால் சித்தி பல வாரங்களுக்குப் பிறகு சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். அதனால் ஒப்புக்கொண்டேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளியில் கம்பை நட்டாள். மறுநாள் யாரும் கூப்பிடாமலே எழுந்துபோய் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் இல்லை. அதற்கு மறுநாளும் பிடுங்கினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தெனமும் பிடுங்கிப் பாத்தா அது எப்பம்டீ வேரு விடும்? கொஞ்சம் சும்ம விடு, அதுக்கும் நேரம் வேணும்லா" என்றாள். சொல்லிவிட்டு, ஏனோ அம்மாவே முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

கம்பு பிடித்துக்கொண்டது. முதல் துளிர் விட்ட அன்று சித்தி என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பிறகென்ன, எங்கள் தொழில் சூடுபிடித்தது. நான் பால் தூக்கோடு முன்னால் போய் நோட்டம் பார்ப்பேன், தலையாட்டியதும் சித்தி வேலையை முடிப்பாள். நந்தியாவட்டை வந்தது, குரோட்டன்ஸ் வந்தது, வாளிகள் பெருகின. குளிக்க இடமில்லை என்று அப்பா முணுமுணுத்தார், ஆனால் அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். சித்தியின் நகக்கண்ணில் எந்நேரமும் மண் இருந்தது. வெயில் ஏறும்வரை செடிகளோடு கிடந்தவள், பசிக்கிறது என்று அவளாகவே தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன், அதையும் சாப்பிட்டாள்தான். ஆனால் சித்தியைக் கட்டிலிலிருந்து இறக்கியது மண்தான். "மண்ணுல கைய வச்சா மனசு ஒரு இடத்துல இருக்கு மக்கா" என்று ஒருதடவை என்னிடமே சொன்னாள். அப்போதுதான் அவள் ஆசை மூலைவீட்டு ரோஜாமேல் விழுந்தது.

மூலைவீட்டு மாமி லேசுப்பட்டவள் இல்லை. கீழே விழுந்த பூவைப் பொறுக்கினதற்கே என்னைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வைதவள். அவள் வீட்டுப் பன்னீர் ரோஜாவில் கை வைக்க ஒரு தைரியம் வேண்டும். சித்திக்கு வந்திருந்தது. கேட் வழியாகக் கையை விட்டு, மொட்டும் இளந்தளிருமாக இருந்த ஒரு கொப்பைப் பிடித்து இழுத்தாள். அது தோலோடு கிழிந்து வந்தது. அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு மாமி வந்து நின்றாள். சித்தியின் கையில் கொப்பு. எனக்கு உயிரே இல்லை.

மாமி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "ஏட்டி, எனக்கக் கண்ணாடியக் கண்டியா? அது இல்லாம ஒரு மண்ணும் தெரிய மாட்டேங்கு" என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. இவ்வளவு மறதிக்காரிக்கா பயந்தோம் என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கொப்பு பிடிக்கவில்லை. மொட்டு முதலில் தலை சாய்ந்தது, பிறகு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து அடிவரை பட்டுப்போனது. அன்றைக்குச் சித்தி திரும்பவும் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்கக் கையில எதுவும் நிக்காது" என்று அவள் சொன்னது அடுக்களைவரை கேட்டது. மற்ற வாளிகளுக்கும் அவள் தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டில் பழையபடி எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினோம். எனக்கு அந்த ரோஜாமேல் அவ்வளவு கோபம் வந்தது.

அன்று மத்தியானம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்கோ போய்விட்டு வந்தாள். எங்கே என்று கேட்டேன். "மூல வீட்டுல உறமோரு வாங்கப் போனேன்" என்றாள். கையில் மோரும் இல்லை, கிண்ணமும் இல்லை. மாமி கொடுத்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சித்தி வர மாட்டேன் என்றாள். நாய் கடித்தால் நீதான் பொறுப்பு என்று நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே அழுகை வந்தது. வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தாள்.

மூலைவீட்டு கேட் அன்று விரியத் திறந்து கிடந்தது. வாசலில் யாரும் இல்லை. நான் வழக்கம்போல் தலையாட்டினேன். சித்தி தயங்கித் தயங்கிப் போய், பென்சில் கனத்தில் முற்றிய ஒரு கம்பில் கை வைத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. செடிக்குள் சும்மா செருகிவைத்திருந்ததுபோல் அது கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கத்தியால் சாய்வாக வெட்டியிருந்தது, மேல்நுனியில், நடுகிற கம்பு காயாமலிருக்க வைப்பதுபோல், பச்சைச் சாணி அப்பியிருந்தது. உள்ளே ஜன்னல் திரை லேசாக அசைந்தது. ஓடிவிடலாம் என்று நான் சேலையைப் பிடித்து இழுக்கிறேன், சித்தி அசையாமல் அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"முள்ளு குத்திட்டா சித்தி?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். நான் நம்பாமல் கம்பை வாங்கித் தடவிப் பார்த்தேன். முள்ளை ஒன்றுவிடாமல் யாரோ சீவியிருந்தார்கள். பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.