கிணற்றடிக்குக் கொண்டுபோன கம்பு

சிலம்ப வகுப்பிலிருந்து வந்த மகள் கம்புக்கு வேப்பெண்ணெய் தடவுகிறாள். அந்த நெடியில் நான் பிறந்த ரிஷிவந்தியத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே களத்தில் சிலம்பம் ஆடியவர்கள். ஆட்டத்துக்கு முன்னால் மண்ணைத் தொட்டு ஒருவரையொருவர் வணங்குவார்கள். கிணற்றுத் தண்ணீர் முறையில் இருவருக்கும் தகராறு வந்தபோது அப்பா கம்பை மூலையில் சாத்திவிட்டுக் கிளம்பினார். "பேசப் போறவனுக்குக் கம்பு எதுக்கு?" என்றார்.

எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா அடித்துவிடுவாரோ என்று பயந்து, கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பை அப்பாவிடம் நீட்டினேன்.

சித்தப்பா எழுந்துவிட்டார். "கம்ப எடுத்தாரச் சொல்லிட்டுதான் என்னாண்ட சிரிச்சிக்கினு இருந்தியாண்ணா?"

"நான் சொல்லலடா" என்ற அப்பா, கம்பைக் கீழே வைத்து மண்ணைத் தொட்டு வணங்கினார். சித்தப்பா திருப்பி வணங்கவில்லை. அப்பா சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என்னை அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இந்தாம்மா, இதக் கொஞ்சம் புடியேன்" என்று மகள் கம்பை நீட்டுகிறாள். எனக்குக் கை எழவில்லை.